குருதட்சிணை

கற்பித்த ஆசிரியர்க்கு மாணாக்கர் பொருள் அளித்தல் நம் நாட்டில் தொன்றுதொட்டு வரும் வழக்கம். அதனைக் குருதட்சிணை என்றும் ஆசிரியர் காணிக்கை என்றும் வழங்குவர். இது கல்விக்கு விலையா, அன்பிற்கு அறிகுறியா, அன்றித் தயவை நாடிக் கொடுக்கும் கையுறையா என்று ஆராய்தல், ஆசிரியர் மாணாக்கர் என்னும் இரு திறத்தார்க்கும் பயனுடைத்து.

ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன் பாடிய புறநானூற்றுச் செய்யுளொன்று கற்கும் நெறியை மூன்றாகக் கூறுகின்றது: ஆசிரியர்க்கு இடர் வந்த காலத்து உதவுதல், பொருள் மிகக் கொடுத்தல், பணிந்து பின்னிற்றலை வெறாமை. பொருளுக்கு முன்னே உதவி நிற்றல் நோக்கத்தக்கது. பவணந்தியாரும் நன்னூற் பொதுப்பாயிரத்தில், கற்பித்தற்குரியாருள் பொருளை மிகுதியாகக் கொடுப்பவனோடு வழிபடுவோனையும், சொல்லியதை நன்கு கொள்ள வல்லவனையும் சேர்த்து எண்ணினார். ஆகவே, பொருளில்லாதானுக்குக் கல்விவாயில் அடைக்கப்பட்டதன்று.

காளிதாசனுடைய இரகுவமிசத்து ஐந்தாம் சருக்கத்தில் வரும் கௌத்சன் கதையும் இக்கருத்தை விளக்கும். அவன் ஆசிரியராகிய வரதந்து முனிவர், நின் பணிவிடையே போதும் என்றார். அவன் விடாது வற்புறுத்தவே வெகுண்டு, கற்பித்த பதினான்கு வித்தைகட்கும் பதினான்கு கோடிப் பொன் கேட்டார். உள்ளதனைத்தையும் வேள்வியில் வழங்கிவிட்டு மட்பாத்திரத்தோடு நின்ற இரகுவினிடம் சென்று கௌத்சன் அப்பொன்னைப் பெற்றான். அரசன் மிகுதியாக அளித்தபோதும், குருவிற்குரிய அளவிற்கு மேல் அவன் விரும்பவில்லை. இதற்கு மறுதலையாகத் துரோணர், தாம் ஒரு நாளேனும் அருகிருத்திக் கற்பியாத ஏகலைவனிடம் வலக்கைப் பெருவிரலைக் கேட்டார். அவன் தயங்காது கொடுத்தான். எனினும், கொடுத்தவன் பெருமையே வளர்ந்தது, கேட்டவர் பெருமை வளரவில்லை.

திண்ணைப் பள்ளிக்கூடங்களின் நிலை வேறு. சென்னை மாகாணக் கவர்னர் சர் தாமஸ் மன்றோ 1826-ஆம் ஆண்டு எழுதிய குறிப்பின்படி, உபாத்தியாயர் ஒருவர் திங்களொன்றுக்குப் பெற்ற வருவாய் ஆறேழு ரூபாய்க்கு மேற்பட்டதன்று. அத்தகையோர்க்கு நெல்லும் காய்கறியும் பண்டிகைப் பணமும் பரிசு என்று கூறப்படினும், உண்மையில் ஊதியமேயாம். நவராத்திரியில் சிறுவரைக் கோலாட்டத்துடன் வீடுதோறும் அழைத்துச் சென்று பொருள் பெற்றதும் அவ்வறுமையாலேயே. அதனை நாம் இகழ்தல் தகாது.

இப்பொழுது ஆசிரியர் பலர் மாதச் சம்பளம் பெறுகின்றனர். பழைய காரணம் பெரும்பாலும் நீங்கிற்று. வழக்கம் மட்டும் நீங்கவில்லை. 1962 முதல் செப்டம்பர் 5-ஆம் நாள் ஆசிரியர் தினமாகக் கொண்டாடப்படுகின்றது. அன்று ஒரு மாணவன் விலையுயர்ந்த பேனாவைக் கொணர, மற்றொருவன் வெறுங்கையோடு பின்வரிசையில் தலைகுனிந்து நிற்பானாயின், அக்கொண்டாட்டத்தால் ஆசிரியர்க்கு மகிழ்ச்சி ஏது? பரீட்சைத்தாளைத் திருத்தவிருக்கும் கையில் பரிசை வைத்தல் அதனினும் தீது. கொடுப்பவன் உள்ளம் தூயதாயினும், காண்போர் ஐயுறுவர். நேர்மையாக அளித்த மதிப்பெண்ணும் மாசுறும். ஆதலின், கற்குங் காலத்துப் பணிவும் முயற்சியுமே காணிக்கையாகுக. பொருள் கொடுக்க விரும்பின், கல்லூரியை விட்டு நீங்கிய பின்னர்க் கொடுக்கலாம். இயலுமாயின், அதனைப் பின்வரும் ஏழை மாணாக்கர்க்கு ஆசிரியர் பெயரால் உதவுதல் சாலச் சிறந்தது.

மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை தம் வறுமையிலும் மாணாக்கர் பலர்க்கு உணவளித்துப் பாடஞ் சொன்னவர். சவராயலு நாயகர் போன்ற கிறிஸ்தவரும் அவர்பாற் பயின்றனர். அவர் 1876-இல் மறைந்தார். ஐம்பத்தேழு ஆண்டுகள் கழிந்த பின்னர், 1933-இலும் 1934-இலும், அவருடைய மாணாக்கராகிய டாக்டர் உ. வே. சாமிநாதையர் தம் ஆசிரியர் சரித்திரத்தை இரு பாகங்களாக வெளியிட்டார். அதனைப் பெற்றுக்கொள்ள ஆசிரியர் இல்லை. அதற்கு ஈடாக மாணாக்கர் பெறத்தக்க மதிப்பெண்ணும் இல்லை. குருதட்சிணை என்னும் சொல்லின் முழுப் பொருளை நாம் அங்கே காண்கின்றோம். அவ்வழி நிற்க முயல்வோமாக.