பழைய லேப்டாப்: எந்தத் தலைமுறை கைகொடுக்கும்?

ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகம், பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகம், 2015இல் வந்த ஐஐடி, ஐசர் என்று திருப்பதியைச் சுற்றிப் படிப்பவர்கள் ஏராளம். புது லேப்டாப் வாங்க முடியாத பிள்ளைகள், சித்தூர்ப் பக்கத்தவர் உட்பட, உள்ளூர்க் கடையிலோ சென்னை ரிச்சி தெருவிலோ செகண்ட் ஹேண்ட் தேடுகிறார்கள். ரேமைக் கூட்டலாம், எஸ்எஸ்டி போடலாம். லேப்டாப்பில் பிராசசரை மாற்றுவது பெரும்பாலும் நடக்காத காரியம்.

பார்க்க வேண்டியவை இரண்டு: பிராசசருக்கு எந்தெந்தக் கட்டளைகள் தெரியும், அதன் வடிவமைப்பில் என்ன ஓட்டை இருக்கிறது. ஓட்டையை அப்டேட்டால் அடைக்கலாம். வேகம் சற்றுக் குறையும். தெரியாத கட்டளையை எந்த அப்டேட்டும் கற்றுத்தராது. எனவே முதல் கேள்விக்கே முதலிடம்.

கோர் 2 டியோ: எஸ்எஸ்இ4.2 கட்டளைகள் இல்லை. 2024இல் வந்த விண்டோஸ் 11 24எச்2 இதில் பூட்டே ஆகாது. காசு கொடுத்து வாங்க வேண்டாம்.

இன்டெல் 2, 3ஆம் தலைமுறை: ஐ3, ஐ5, ஐ7இல் ஏவிஎக்ஸ் கட்டளைகள் உண்டு, மங்கோடிபி 5.0 டேட்டாபேஸ் ஓடும். ஏவிஎக்ஸ்2 இல்லை, 2025இல் வெளியான ரெட் ஹேட் லினக்ஸ் 10 ஏறாது.

4 முதல் 7 வரை: ஐ3, ஐ5, ஐ7 மூன்றிலும் ஏவிஎக்ஸ்2 உண்டு. அதே காலத்துப் பென்டியம், செலரானில் கிடையாது. இன்டெல் ஸ்டிக்கரை மட்டும் நம்பி ஏமாறக் கூடாது. ஒன்றிரண்டு விலக்கு தவிர, விண்டோஸ் 11க்கு மைக்ரோசாஃப்டின் ஒப்புதல் இல்லை. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவோ 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. லினக்ஸுக்கு இவை நல்ல மெஷின்கள்.

8ஆம் தலைமுறை முதல்: விண்டோஸ் 11 முறையாக ஏறும். ஆனால் புதியது என்பதால் ஓட்டை இல்லாமல் போகவில்லை. 2018 ஜனவரியில் வெளியான மெல்ட்டவுன், ஸ்பெக்டர் இரண்டும் 8ஆம் தலைமுறையையும் தொட்டன. 2023இல் வெளியான, ஆய்வாளர் டேனியல் மொகிமி கண்டறிந்த டவுன்ஃபால் ஓட்டை 6 முதல் 11ஆம் தலைமுறை வரை பாதித்தது. அதை அடைத்தபோது சிலவகைக் கணக்கீடுகளில் வேகம் 50 சதவீதம் வரை குறையலாம் என்று சொல்லப்பட்டது. பிரவுசர், வேர்டு வேலைக்கு அது பெரிதாகத் தெரியாது. பயாஸ், ஓஎஸ் அப்டேட்டை மட்டும் நிறுத்தக் கூடாது.

கடையிலேயே சோதிக்கலாம். பிராசசரின் மாடல் எண் ஐ5-4300யூ என்றால் 4ஆம் தலைமுறை. ஐ5-8250யூ என்றால் 8. லினக்ஸ் பென் டிரைவில் பூட் செய்து டெர்மினலில் எல்எஸ்சிபியு கட்டளை கொடுத்தால், ஏவிஎக்ஸ்2 இருக்கிறதா, எந்த ஓட்டை அடைபட்டிருக்கிறது, எது திறந்திருக்கிறது என்று வரிவரியாகக் காட்டும்.

விண்டோஸ் வேண்டுமென்றால் 8ஆம் தலைமுறை ஐ5. லினக்ஸ் போதும், கையில் காசு குறைவு என்றால் 4ஆம் தலைமுறை ஐ5. அதற்குக் கீழே எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் படிக்கிற பிள்ளைக்கு வாங்கித் தராதீர்கள்.