பம்ப் மேல பழி போடறதுக்கு முன்னாடி...

செல்ஃப் எடுக்குது, ஆனா வண்டி ஸ்டார்ட் ஆகலைன்னு புலம்புற தங்கச்சிகளே, அக்கா பட்டதைச் சொல்றேன். எங்க பழைய பெட்ரோல் காருக்குப் புது ஃப்யூவல் பம்ப் போட்டோம். மறுநாளும் அதே மக்கர். கடைசியில பார்த்தா, பம்ப்புக்குக் கரண்ட் விடற, தீப்பெட்டியை விடச் சின்ன ரிலேதான் வேலையைக் காட்டியிருக்கு.

முதல்ல காதைத் தீட்டுங்க. ரேடியோ, ஏசி எல்லாத்தையும் நிறுத்திட்டுச் சாவியை ‘ஆன்’ வரைக்கும் மட்டும் திருப்பணும். நிறைய கார்ல பின் சீட் பக்கம் பம்ப்போட ‘ம்ம்ம்’ சத்தம் ரெண்டு மூணு நொடி வரும். வந்தா ரிலே இப்போதைக்கு வேலை செய்யுது. வரலைன்னா முதல்ல ஃபியூஸைப் பாருங்க, பிறகு ரிலே. அது எங்கே இருக்குன்னு ஃபியூஸ் பாக்ஸ் மூடியிலயோ வண்டியோட கையேட்டுலயோ படம் இருக்கும். பெட்ரோல் வாடை அடிச்சா மட்டும் எதையும் தொடாம மெக்கானிக்கைக் கூப்பிட்டுடுங்க.

ரிலே மேல விரலை வெச்சுக்கிட்டு வீட்டுல யாரையாவது சாவியைத் திருப்பச் சொல்லுங்க. ‘டிக்’னு தட்டுதா? தட்டினாலும் நம்பிடாதீங்க. உள்ளே கான்டாக்ட் கருகியிருந்தா சத்தம் வரும், கரண்ட் போகாது. எனக்குப் பிடிச்ச வழி ஹாரன் ரிலேதான். ரெண்டுலயும் ஒரே நம்பர், ஒரே பின் படம் இருந்தா, சாவியை எடுத்துட்டு ரெண்டையும் இடம் மாத்துங்க. வண்டி கிளம்பி, ஹாரன் ஊமையாயிடுச்சுன்னா திருடன் பிடிபட்டான்!

மல்டிமீட்டர் இருக்கா? ரிலேயைக் கழற்றி 85, 86 பின்ல ஓம் பாருங்க. சாதாரண 12 வோல்ட் ரிலேல பெரும்பாலும் 50-லிருந்து 120 வரை காட்டும். ஒண்ணுமே காட்டலைன்னா காயில் போச்சு. மீட்டரைக் கண்டினியூட்டிக்கு மாத்திப் பார்த்தா, 30, 87 பின்ல இப்போ பீப் வரக்கூடாது. வந்தா கான்டாக்ட் ஒட்டிக்கிச்சு. அடுத்து பேட்டரியிலிருந்து ஃபியூஸ் போட்ட வயர்ல 85, 86-க்கு மட்டும் 12 வோல்ட் கொடுங்க. அப்போ ‘டிக்’ கேட்கணும், 30, 87-ல பீப் அடிக்கணும். படத்துல டயோடு குறி இருந்தா பிளஸ், மைனஸை மாத்திடக் கூடாது.

மத்தியான வெயில்ல நின்னா மட்டும் மக்கர் பண்ற வண்டியைச் சாயங்காலம் டெஸ்ட் பண்ணிப் பிரயோஜனமில்லை. சூட்டுல உள்ளே சால்டர் விரிசல் விடும், ஆறினா ஒட்டிக்கும். மக்கர் பண்ற நேரத்துலயே பாருங்க.

ரிலேயை எடுத்துட்டு 30-க்கும் 87-க்கும் வயர் போட்டு ஓட்டலாம்னு யாராவது யோசனை சொன்னா கேட்காதீங்க. இன்ஜின் நின்னதும் பம்ப்பை நிறுத்தறதே அந்த ரிலேதான். விபத்து நேரத்துல வயர் போட்ட வண்டி பெட்ரோலைத் தள்ளிக்கிட்டே இருக்கும்.

எல்லாம் நல்லா இருந்தா ஒர்க்‌ஷாப்புக்குப் போங்க. போனதும், “ஃபியூஸும் ரிலேயும் பார்த்தாச்சு அண்ணே”ன்னு முதல்லயே சொல்லிடுங்க.