மவுஸ் அவர் கையிலேயே இருக்கட்டும்

"தம்பி, பழைய ஃபைலைத் திறந்தா தமிழே வரல, கிறுக்கலா வருது." தமிழில் கடிதம் அடிக்கும் அலுவலகங்களில் கணினி உதவிக்குப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் புகார் இது. எழுத்துருவைப் போட்டுவிட்டு வந்தால் ஐந்து நிமிட வேலைதான். ஆனால் அடுத்த புதுக் கணினி வந்ததும் அதே அழைப்பு திரும்ப வரும். அதனால் அழைத்தவருக்கே கற்றுக்கொடுத்துவிட்டு வாருங்கள்.

முதலில் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காருங்கள். நின்றபடி குனிந்தால் அவர் எழுந்து இடம் கொடுத்துவிடுவார். "என்ன பண்ணீங்க?" என்று கேட்காதீர்கள், அது விசாரணை. "இது எந்த கம்ப்யூட்டர்ல அடிச்சது, மேடம்?" என்று கேளுங்கள். பாதி விடை அதிலேயே வந்துவிடும்.

அடுத்து, "ஃபைல் கெடல" என்று சொல்லுங்கள். பல வருட உழைப்பு அழிந்ததோ என்ற பயத்தில் இருப்பவர் காதில் வேறெதுவும் ஏறாது. பயம் தணிந்தபின் காரணத்தை நிதானமாகக் காட்டுங்கள். பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த 'அம்மா' கோப்புக்குள் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்றுதான் இருக்கிறது. எழுத்துருதான் அதைத் தமிழாக வரைகிறது. யுனிகோடு என்ற பொதுக் குறியீட்டு முறையில் தமிழுக்கென்றே தனிக் குறியீடுகள் உண்டு. ஒரு சொல்லை இரண்டு வகையிலும் அடித்து, எழுத்துருவை மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். இந்த இடத்தில் அவசரப்படவே கூடாது. இது புரிந்தால் மிச்சத்தை அவரே ஊகித்துக்கொள்வார்.

இனி வேலை அவருடையது. எழுத்துருவை அவரே நிறுவட்டும். கோப்பை நகலெடுத்து, நகலை மட்டும் எழுத்துரு மாற்றியில் போட்டு யுனிகோடாக்கட்டும். இடையில் இருந்த ஆங்கிலச் சொற்கள் சிதைந்திருக்கலாம். மூலத்தோடு ஒப்பிடச் சொல்லுங்கள். அவர் தேடித் தடுமாறும்போது வாயால் வழி சொல்லுங்கள், கையை நீட்டாதீர்கள்.

இனி யுனிகோடில் அடிக்க எந்த விசைப்பலகை என்று அவர் கேட்கலாம். தமிழ்99, 1999இல் தமிழக அரசு ஏற்ற விசைப்பலகை. புதிதாகப் பழகுபவருக்கு அதையே சொல்வேன். தட்டச்சுப் பொறியில் பழகிய விரல்கள்மேல் அதைத் திணிப்பது நியாயமில்லை. என்.எச்.எம். ரைட்டர் என்ற மென்பொருளில் பழைய தட்டச்சு முறையிலேயே யுனிகோடு அடிக்கலாம்.

எதையாவது நிறுவும்போது கடவுச்சொல் தேவைப்பட்டால் அவரே அடிக்கட்டும், நீங்கள் திரும்பிக்கொள்ளுங்கள்.

கிளம்பும்முன் செய்முறையை அவர் சொற்களிலேயே ஒரு தாளில் எழுதவையுங்கள். பக்கத்து மேசையில் இதே சிக்கல் வந்தால் அவரையே காட்டித்தரச் சொல்லி, கூட இருந்து கேளுங்கள். எந்தப் படியில் திணறுகிறாரோ அதை மட்டும் இன்னொரு முறை சொல்லிக்கொடுங்கள்.