லெவியும் பண்டும்: எந்தக் கரை எதுக்கு?

நம்ம வயசு விவசாயிகளிடம் 'லெவி' என்று சொன்னால் லெவி நெல்தான் ஞாபகம் வரும். அறுத்ததில் இவ்வளவு மூட்டை என்று அரசாங்கத்துக்கு அளந்தோமே, அது. ஆங்கிலத்தில் அதே ஓசையில் இன்னொரு சொல்லும் உண்டு, எழுத்து மட்டும் கொஞ்சம் மாறும். ஆற்று வெள்ளம் ஊருக்குள் நுழையாதபடி ஆற்றோரம் எழுப்பும் கரை அது. இரண்டுக்கும் மூலம் 'உயர்த்து' என்று பொருள்படும் ஒரே பிரெஞ்சுச் சொல். ஒன்று வரியை எழுப்புவது, மற்றது கரையை எழுப்புவது.

2005இல் கத்ரீனா புயலில் நியூ ஆர்லியன்ஸ் நகரில் உடைந்தவை இந்தக் கரைகள்தான். சுமார் 80 சதவீத ஊர் மூழ்கியது. பள்ளமான ஊர். உள்ளே வந்த தண்ணீர் தானாக வடிய வழியில்லை, பல வாரம் பம்பு வைத்து இறைத்தார்கள்.

நம்ம ஊர் ஆபீஸ்களில் 'பண்ட்' என்பார்கள். 'கட்டு' என்ற பொருளில் பாரசீகத்திலிருந்து இந்திக்கு வந்து, இங்கிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல். ஏரிக்கரையும் பண்ட், வயல் வரப்பும் பண்ட். குழப்பமே இங்கேதான். ஏரிக்கரை தண்ணீரை உள்ளே நிறுத்துவது. அதற்கு மதகு உண்டு, மிஞ்சினால் வழிய கலங்கல் உண்டு. லெவி தண்ணீரை வெளியே நிறுத்துவது. உள்ளே பெய்கிற மழைக்கு நாம்தான் வழி வைக்கணும்.

இது புரியாமல் நான் பட்டதைச் சொல்கிறேன். 2015 டிசம்பர் 1ஆம் தேதி மழையில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. பதிவானது. அடையாறு வழிந்து முடிச்சூர், வரதராஜபுரம் எல்லாம் மிதந்தன. மணிமங்கலம் பக்கம் உள்ள என் ஒன்றரை ஏக்கரும் தப்பவில்லை. அடுத்த கோடையில் ஜேசிபி வைத்து, சுற்றிலும் நாலு அடி கரை போட்டேன். வடிகால் வைக்கவில்லை. இனி ஆறு வரட்டும் பார்க்கலாம் என்று ஒரு தெம்பு!

2023 மிக்ஜாம் மழையில் வெளித்தண்ணீர் உள்ளே வரவில்லை. ஆனால் வானத்துத் தண்ணீர் உள்ளேயே நின்றது. பேங்கில் வட்டிக் கணக்கு போட்ட கைக்கு இந்தக் கணக்கு தோன்றவில்லை: ஒரு ஏக்கரில் 49 செ.மீ. மழை என்றால் கிட்டத்தட்ட 20 லட்சம் லிட்டர். வெளியே வெள்ளம் இறங்கின பிறகும் என் வயல் மட்டும் தொட்டியாக நின்றது. பூட்டைப் பருவத்து நெல் அழுகிய பிறகுதான் கரையை வெட்டிவிட்டேன். பக்கத்து வயல்காரர் வந்து, "சார், உங்க கரையில மோதின தண்ணியெல்லாம் எங்க பக்கம்தான் பாஞ்சுது" என்றார். அதற்கும் என்னிடம் பதில் இல்லை.

இப்போது கரை ஒன்றரை அடிதான், சரிவில் வெட்டிவேர். தாழ்ந்த மூலையில் ஆறு அங்குலக் குழாய். வெளிவாயில் மேலே மட்டும் கட்டித் தொங்கவிட்ட ரப்பர் மூடி. உள்ளே தண்ணீர் உயர்ந்தால் மூடியைத் தள்ளிக்கொண்டு வடியும். வெளியே உயர்ந்தால் மூடி ஒட்டிக்கொள்ளும். ஐப்பசி பிறந்ததும் குப்பை அடைத்திருக்கிறதா, கரையில் நண்டு வளை இருக்கிறதா என்று தினம் ஒரு சுற்று. வளையைக் களிமண் வைத்து மிதித்து அடைக்கிறேன். நண்டு பக்கத்திலேயே புதுசாகத் தோண்டுகிறது.