காதுக்கு ஏற்ற ஆம்ப்ளிஃபயர், காசுக்கு ஏற்ற வயர்



பாட்டு கேட்காத மாணவர் நம்ம பாலிடெக்னிக்கில் யாரும் கிடையாது. 1979-இல் சோனி நிறுவனம் வாக்மேனை வெளியிட்ட நாளிலிருந்து இசை சட்டைப் பைக்குள் வந்துவிட்டது. கேசட் போய், இன்று செல்போனும் சிறிய மியூசிக் பிளேயரும் வந்திருக்கின்றன. கூடவே "ஹெட்போன் ஆம்ப்ளிஃபயர் வாங்கு, வெள்ளி வயர் வாங்கு" என்று விளம்பரங்களும் வந்துவிட்டன. மின்னணுவியல் படிக்கும் நாம் விளம்பரத்தை நம்புவதா, ஓம் விதியை நம்புவதா? கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம்.

1. ஆம்ப்ளிஃபயர் தேவையா?

ஹெட்போன் பெட்டியில் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று மின்மறுப்பு, அதாவது இம்பீடன்ஸ். மற்றொன்று உணர்திறன்: 1 மில்லிவாட் கொடுத்தால் எத்தனை டெசிபல் சத்தம் வரும் என்பது. வாங்கும் முன் இந்த இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள்.

செல்போன் 0.5 வோல்ட் தருவதாக வைத்துக்கொள்வோம். திறன் என்பது வோல்ட்டின் வர்க்கத்தை ஓமால் வகுத்தது. ஹெட்போன் 32 ஓம் என்றால் 0.25 ÷ 32, சுமார் 8 மில்லிவாட். திறன் இரண்டு மடங்கானால் 3 டெசிபல் கூடும். 1, 2, 4, 8 என்று மூன்று முறை இரட்டிப்பதால் 9 டெசிபல். உணர்திறன் 100 என்றால் 109 டெசிபல் கிடைக்கும். இதுவே காதைப் பிளக்கும் சத்தம்! இதற்கு மேல் ஆம்ப்ளிஃபயர் எதுக்குங்க?

இப்போது 600 ஓம், 96 டெசிபல் உணர்திறன் கொண்ட ஸ்டுடியோ வகை ஹெட்போனை எடுத்துக்கொள்வோம். 0.25 ÷ 600 என்றால் 0.42 மில்லிவாட்தான். உச்ச சத்தமே 92 டெசிபல். பாட்டின் சராசரி அதைவிட 15 டெசிபலாவது கீழே இருக்கும் என்பதால் மெல்லிய வீணை ஒலியெல்லாம் அமுங்கிப்போகும். இங்கே 2 வோல்ட் தரும் ஆம்ப்ளிஃபயர் இருந்தால் உச்சம் 104 டெசிபலுக்கு ஏறும். ஆகவே ஆம்ப்ளிஃபயர் தேவைப்படுவது அதிக ஓம், குறைந்த உணர்திறன் உள்ள ஹெட்போனுக்கே.

2. வெளியீட்டு மின்மறுப்பு

கடைக்காரர் வாட் கணக்கைச் சொல்வார், இதைச் சொல்ல மாட்டார். ஆம்ப்ளிஃபயரின் வெளியீட்டு மின்மறுப்பு, ஹெட்போனுடையதில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது என்பது நடைமுறை விதி. 16 ஓம் இயர்போனுக்கு 2 ஓமுக்குள் இருந்தால் நல்லது.

காரணம் இதுதான். சில இயர்போன்களின் மின்மறுப்பு ஓர் அதிர்வெண்ணில் 32 ஓமாகவும் வேறொன்றில் 8 ஓமாகவும் இருக்கும். ஆம்ப்ளிஃபயர் 10 ஓம் என்றால், முதலாவதில் 42-க்கு 32 பங்கு வோல்ட்டேஜ் சேரும். இரண்டாவதில் 18-க்கு 8 பங்குதான் சேரும். வித்தியாசம் சுமார் 4.7 டெசிபல். பாட்டின் குணமே மாறிவிடும்.

3. வெள்ளி வயர்

முதலாமாண்டுத் தம்பி ஒருவர், "அண்ணா, மெஸ் பில்லுக்கு வெச்ச காசுல வெள்ளி வயர் வாங்கட்டுமா? சவுண்டு தெளிவா இருக்குமாமே?" என்று கேட்டார். "கொஞ்சம் பொறு தம்பி" என்று நோட்டை எடுத்தேன்.

1.2 மீட்டர் நீளம், 0.1 சதுர மில்லிமீட்டர் குறுக்குவெட்டு உள்ள செம்புக் கம்பிக்குப் போக வர மொத்தத் தடை சுமார் 0.41 ஓம். அதே அளவு வெள்ளிக்கு 0.38 ஓம். மிச்சம் 0.03 ஓம்! 32 ஓம் ஹெட்போனில் இது ஒரு டெசிபலில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. மனிதக் காது இதைக் கண்டுபிடிக்காது. தம்பி மெஸ் பில்லைக் கட்டிவிட்டார்.

வயரில் பார்க்க வேண்டியது வேறு. வயர் அறுவது பெரும்பாலும் 3.5 மில்லிமீட்டர் பின்னின் கழுத்தில்தான். அங்கே வளைவைத் தாங்கும் ரப்பர் உறை இருக்க வேண்டும். மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து, ஹெட்போனைக் காதில் மாட்டாமல், பின் நுனிக்கும் அடிப்பகுதிக்கும் இடையே அளந்து பாருங்கள். 32 ஓம் ஹெட்போனில் ஏறக்குறைய அதே அளவு காட்டும். வயரை ஆட்டும்போது எண் குதித்தால் உள்ளே அறுந்திருக்கிறது. புதுப் பின் வைத்து சால்டர் செய்தால் சில பத்து ரூபாயில் வேலை முடிந்தது. உள்ளே உள்ள மெல்லிய கம்பிகளில் எனாமல் பூச்சு இருக்கும். அதைச் சூட்டில் நீக்கினால்தான் ஈயம் பிடிக்கும்.

4. நம்ம பக்கத்து நிலவரம்

சேலம், நாமக்கல் மாவட்டங்களில் இளம்பிள்ளை, பள்ளிபாளையம், குமாரபாளையம் என எங்கு போனாலும் விசைத்தறிச் சத்தம். தறிக்கூடத்தில் 90 டெசிபலைத் தாண்டுவது சாதாரணம். விடுமுறையில் தறி ஓட்டும் நண்பர்கள் அந்தச் சத்தத்தையும் மீறிப் பாட்டு கேட்க வால்யூமைக் கூட்டுகிறார்கள். ஆம்ப்ளிஃபயர் வைத்தால் இன்னும் கூட்டத்தான் செய்வார்கள்.

ஆபத்து இங்கேதான். அமெரிக்காவின் நியாஷ் நிறுவனம் சொல்லும் வரம்பு 85 டெசிபலில் 8 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 94-இல் 1 மணி நேரம், 100-இல் 15 நிமிடம். உட்காதின் நுண்மயிர்ச் செல்கள் ஒருமுறை அழிந்தால் மறுபடி முளைக்காது. கருகிய ஐசியை மாற்றலாம், காதை மாற்ற முடியுமா? தறிக்கூடத்தில் காதடைப்பானே நல்லது. பஸ் இரைச்சலுக்கு, காதை நன்றாக அடைக்கும் ரப்பர் முனை இயர்போன் போதும். வெளிச்சத்தம் குறைந்தால் வால்யூமும் தானாகக் குறையும்.

நாமக்கல் லாரித் தொழில் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. வண்டியில் சார்ஜ் போட்டுக்கொண்டே பிளேயரை வண்டியின் ஸ்பீக்கர் செட்டில் இணைத்தால் இன்ஜின் வேகத்தோடு ஏறியிறங்கும் "ஙொய்ய்" சத்தம் வரலாம். எர்த் இணைப்பு இரண்டு வழியில் சுற்றுவதால் ஆல்டர்னேட்டர் இரைச்சல் உள்ளே புகுகிறது. சார்ஜ் வயரைக் கழற்றினால் போய்விடும். வண்டி ஓட்டும்போது ஹெட்போன் கூடவே கூடாது. லித்தியம் பேட்டரி உள்ள ஆம்ப்ளிஃபயரைச் சித்திரை வெயிலில் டேஷ்போர்டு மேல் வைக்காதீர்கள்.

5. நாமே செய்யலாமே!

தேவைதான் என்று கணக்கு சொன்னால், கடைக்கு ஓடும் முன் சீமாய் சர்க்யூட்டைப் பாருங்கள். சூ மாய் என்பவர் எல்லோருக்கும் பொதுவாக வெளியிட்ட வடிவமைப்பு இது. 9 வோல்ட் பேட்டரியை இரண்டு மின்தடைகளால் கூட்டல் 4.5, கழித்தல் 4.5 எனப் பிரித்து, இரட்டை ஆப்-ஆம்ப் ஒன்றுக்குக் கொடுப்பதே அதன் சாரம். அசலில் பெருக்கம் 11 மடங்கு. செல்போனுக்கு 3 மடங்கு போதும். அடிநாத இரைச்சலும் குறையும். ஒரு சாயங்காலம் லேபில் உட்கார்ந்தால் முடியும் வேலை.

ஆக, முதலில் ஹெட்போன், அடுத்து தேவையிருந்தால் ஆம்ப்ளிஃபயர், கடைசியில் உறுதியான சாதாரணச் செம்பு வயர். காசு செலவழிக்க வேண்டிய வரிசை இதுதான். கால்குலேட்டர் கையில் இருக்கிறது; போட்டுப் பாருங்கள், பிறகு வாங்குங்கள். வாழ்த்துக்கள்!