பீரோ கதவில் ஒரு புள்ளிக்கோலம்

அம்மா எனக்குப் போட்டு அனுப்பிய நகையில் பெரியது நாலு பவுன் இரட்டைவடச் சங்கிலி. கூடவே ரெண்டு பவுனில் ஒரு ஜோடி வளையல். 2018-இல் மாமனாரின் அறுவை சிகிச்சைக்காக அந்த ஆறு பவுனையும் வங்கியில் வைத்து ஒரு லட்சம் ரூபாய் வாங்கினோம். ஆறே மாதத்தில் மீட்டுவிடலாம் என்றுதான் பேச்சு. ஏழு வருஷம் ஆனது.

முதல் நாலு வருஷம் வட்டியை மட்டும் கட்டி மாற்றி மாற்றி வைத்தோம். 2020 ஆகஸ்டில் பவுன் 43,000 ரூபாயைத் தாண்டியது. ஊரடங்கில் என் கணவருக்கு வண்டி ஓட்டமே இல்லாத நேரம். விலை ஏறியதால் அதே நகைக்குக் கூடுதலாகக் கடன் கிடைத்தது. கூட்டி வைத்தோம். வளையல் மேல் 60,000, சங்கிலி மேல் 1,20,000 என்று கடன் 1,80,000-இல் வந்து நின்றது. தங்கம் விலை ஏறினால் நகையைக் கழுத்தில் போட்டிருப்பவருக்கு மதிப்புக் கூடும். அடகில் வைத்திருப்பவருக்குக் கடன்தான் கூடும். இதைப் பட்ட பிறகுதான் புரிந்துகொண்டேன்.

வீட்டில் எந்த விசேஷம் என்றாலும் அம்மா என் கழுத்தைத்தான் முதலில் பார்ப்பார். "எங்கத்தா அந்த ரெட்டவடம்?" என்று ஒரு தடவை கேட்டார். பிறகு கேட்பதை விட்டுவிட்டார். பார்ப்பதை மட்டும் விடவில்லை.

2021 முழுக்க நான் ஒரு பழக்கம் வைத்திருந்தேன். கடையில் கூட வேலை பார்க்கும் அக்கா ஒருவர் சொல்லிக் கொடுத்தது. ராத்திரி படுக்கும் முன் கண்ணை மூடி, வேண்டியது கிடைத்துவிட்டதாகவே நினைத்துக்கொள்ள வேண்டும். நானும் நினைத்தேன். தங்கச்சி மகள் சடங்கில் சங்கிலியோடு நிற்கிறேன், அம்மா சிரிக்கிறார். நெஞ்சு நிறைந்துவிடும், நன்றாகத் தூக்கமும் வரும். ஆனால் அந்த வருஷம் முழுவதிலும் அசலில் ஒரு ரூபாய்கூட நான் கட்டவில்லை. மனசுக்கு வேண்டியது மனசிலேயே கிடைத்துவிட்டதால் கை வேலை செய்யவில்லை என்றுதான் இப்போது நினைக்கிறேன்.

இதற்கு ஆராய்ச்சியே இருக்கிறது என்று பின்னால் தெரிந்தது. மதுரையில் 2023 ஜூலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறந்த பிறகு, ஞாயிற்றுக்கிழமைகளில் மகளைக் கூட்டிக்கொண்டு போவேன். அங்கேதான் படித்தேன். காப்ரியேல் ஓட்டிங்கன் என்ற உளவியல் பேராசிரியர் இதையே பல வருஷம் ஆராய்ந்திருக்கிறார். நடந்து முடிந்ததாக இனிமையாகக் கற்பனை செய்துகொண்டே இருந்தால், அதற்காகப் பாடுபடும் வேகம் குறைகிறது என்கிறார். ஆசையை நினைத்த கையோடு அதற்குக் குறுக்கே நிற்பது எது என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும் என்பது அவர் சொல்லும் வழி. இன்னொன்றும் படித்தேன். கலிபோர்னியாவில் ஃபாம், டெய்லர் என்ற இருவர் கல்லூரி மாணவர்களிடம் செய்து 1999-இல் வெளியிட்டது. நல்ல மதிப்பெண் வாங்கியதாகக் கற்பனை செய்தவர்களைவிட, உட்கார்ந்து படிப்பதைக் கற்பனை செய்தவர்கள்தான் முன்கூட்டியே படிக்கத் தொடங்கினார்கள், கூடுதல் மதிப்பெண்ணும் எடுத்தார்கள். அதைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஏனென்றால் அதற்குள் நானே தட்டுத் தடுமாறி அந்த இடத்துக்கு வந்திருந்தேன்.

வந்த கதை இது. 2022 தைப் பொங்கலுக்கு வாசலில் பெரிய கோலம் போட்டேன். 19 புள்ளி, நேர்ப்புள்ளி, ஒன்று வரை. பக்கத்தில் குத்தவைத்துப் பார்த்துக்கொண்டிருந்த மகள் புள்ளிகளை எண்ணி முடித்து, "நூத்தி எண்பத்தொண்ணும்மா" என்றாள். எனக்குக் கோலப்பொடி கையிலேயே நின்றுவிட்டது. கடன் 1,80,000. புள்ளிக்கு ஆயிரம் என்றால் கோலம் முடியும்போது கடன் முடிந்து ஒரு புள்ளி மிச்சமும் இருக்கும்.

அன்று சாயங்காலமே ஒரு சார்ட் அட்டையில் பென்சிலால் 181 புள்ளி வைத்தேன். அதைச் சுவரில் ஒட்டவில்லை. பீரோ கதவின் உள்பக்கம் ஒட்டினேன். எங்கள் வீட்டில் பணம் பீரோவில்தான் இருக்கும். செலவுக்கு எடுக்கக் கை உள்ளே போகும்போதெல்லாம் கோலம் கண்ணில் படும். பூஜை அறையில் ஒட்டியிருந்தால் கும்பிட்டுவிட்டுப் போயிருப்பேன். படம் எது என்பதைவிட அது எங்கே இருக்கிறது என்பது முக்கியம். எந்த இடத்தில் பணம் கையை விட்டுப் போகிறதோ, அந்த இடத்தில் அது இருக்க வேண்டும்.

அடியில் இருந்த ஒற்றைப் புள்ளியிலிருந்து ஆரம்பித்தேன். அசலில் ஆயிரம் கட்டினால் ஒரு பென்சில் புள்ளி மேல் சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால் ஒரு பொட்டு. மாதம் ஐந்தாயிரம் என்று முடிவு. கீழமாசி வீதியில் ஒரு மொத்தக் கடையில் கணக்கு எழுதும் எனக்கு அப்போது சம்பளம் 16,000. ஐந்தாயிரம் எங்கிருந்து வரும்? ஒரு மாதம் முழுக்கச் செலவை நோட்டில் எழுதினேன். ரெண்டு வட்டிக்கு வாங்கியிருந்த கைமாத்து ஒன்று வருஷத்துக்கு 24 சதவீதத்தைத் தின்றுகொண்டிருந்தது. அதைத்தான் முதலில், பொங்கலுக்குக் கடையில் கொடுத்த பணத்தையும் சேர்த்துப் போட்டு அடைத்தேன். தவணையில் எடுத்த மிக்சிக்கும் அந்த மாதத்தோடு தவணை முடிந்தது. மிச்சத்துக்கு வயிற்றைத்தான் கொஞ்சம் கட்டினோம். ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அரிசிக்கே தட்டுப்பாடான வீட்டில் எந்தப் படத்தை மாட்டினாலும் பணம் மிஞ்சாது. அங்கே முதலில் வேண்டியது வருமானம்.

இப்போது ராத்திரி நினைப்பை மாற்றினேன். சம்பளம் ஐந்தாம் தேதி வரும். அன்று இரவு கண்ணை மூடினால் சங்கிலியை நினைக்க மாட்டேன். நாளை மதியம் ஒரு மணிக்குப் பேரேட்டை மூடி வைக்கிறேன். கைப்பையின் நடு ஜிப்பில் சலான் இருக்கிறது, இன்றைக்கே நிரப்பியாயிற்று. குடையை எடுக்கிறேன். எதிர் வெயிலில் வங்கிக்கு நடக்கிறேன். வழியில் ஜவுளிக்கடை வாசலில் தள்ளுபடிச் சேலைகளைத் தொங்கவிட்டிருப்பான், அந்தப் பக்கம் போகாமல் ரோட்டைக் கடந்துவிடுகிறேன். டோக்கன் எடுக்கிறேன். இப்படி ஒவ்வொரு படியாக நினைத்துப் பார்த்துவிட்டுத் தூங்குவேன். மறுநாள் மதியம் கால் தானாக அந்த வழியில் போகும். உற்சாகமாக இருக்கிறதா என்று மனதைக் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டிய அவசியமே வரவில்லை.

வங்கியில் செய்த ஒரு வேலையும் முக்கியம். கட்டும் பணம் வட்டிக்குப் போகிறதா, அசலில் கழிகிறதா என்று கேட்டு, வட்டியைத் தனியே தீபாவளி போனஸிலும் என் கணவர் வருமானத்திலும் கட்டிக்கொண்டோம். நகையை ரெண்டு கணக்காக வைத்திருந்ததும் நல்லதாயிற்று. ஒரே பொட்டலமாக வைத்திருந்தால் கடைசி ரூபாய் கட்டும்வரை ஒரு மோதிரம்கூட வெளியே வந்திருக்காது. நகை வைக்கத்தான் வேண்டும் என்றால் தனித்தனிக் கணக்காக வையுங்கள்.

கோலத்தின் வடிவமே எனக்குப் பாடம் நடத்தியது. ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு என்று முதல் வரிசைகள் மளமளவென்று நிறைந்தன. நாலே மாதத்தில் நாலு வரிசைக்கு மேல் முடிந்ததும் பெரிய தைரியம் வந்தது. பதினைந்தும் பதினேழும் பத்தொன்பதுமாக வயிற்றுப்பகுதி வந்தபோதுதான் சோதனை. ஒரு வரிசை நிறைய மூன்று மாதம், நாலு மாதம். எவ்வளவு வைத்தாலும் பென்சில் புள்ளிகளே தெரிந்தன. எந்தப் பெரிய சேமிப்பிலும் ஆரம்பத்திலோ முடிவிலோ ஆள் கைவிடுவதில்லை, இந்த நடுவில்தான் கைவிடுகிறோம். என்னை அப்போது காப்பாற்றியது வளையல். 2023 மாசியில் அறுபதாவது புள்ளியோடு வளையல் கணக்கு முடிந்தது. அதைப் பீரோவில் வைக்காமல் கையிலேயே போட்டுக்கொண்டேன். பேரேடு எழுதும்போதெல்லாம் மேசையில் தட்டிச் சத்தம் கேட்கும்.

இடையில் சில மாதங்களில் ஒரு புள்ளிகூட வைக்கவில்லை. ஜூனில் பள்ளிக் கட்டணம், ஆவணியில் அடுத்தடுத்து வரும் செய்முறை. மதுரைப் பக்கம் செய்முறையைத் தட்டிக்கழிக்க முடியாது. நமக்குச் செய்தவர்களுக்குத் திருப்பிச் செய்யாவிட்டால் முகத்தில் முழிக்க முடியாது. வராது என்று நினைத்துத் திட்டம் போட்டால் அது வரும்போது திட்டமே உடையும். அதனால் ஒரு பழைய டைரியின் பின்பக்கத்தில் 'வந்தால்' என்று தலைப்புப் போட்டு எழுதி வைத்திருந்தேன். ஒரே மாதத்தில் மூன்று விசேஷம் வந்தால் அந்த மாதம் புள்ளி இல்லை, அடுத்த மாதம் கட்டாயம் உண்டு. உடம்புக்கு வந்தால் புள்ளிப் பணத்தை எடுக்கலாம். டிவி பழுதானால் எடுக்கக் கூடாது. நகை விலை ஏறினால் கூட்டி வைக்க மாட்டோம். கடைசி வரிக்குக் கீழே அவரையும் கையெழுத்துப் போட வைத்தேன்.

ஐந்தாம் தேதியிலிருந்து ஆறாம் தேதி மதியம்வரை அந்த ஐந்தாயிரம் வீட்டில் இருக்குமே, அதைக் காப்பதும் ஒரு வேலை. என் மாமியார் குலதெய்வத்துக்கு நேர்ந்துகொண்ட காசை மஞ்சள் துணியில் முடிந்து வைப்பார். எவ்வளவு மோசமான மாதத்திலும் அந்த முடிப்பை ஒருவர் தொட்டதில்லை. பெயர் வைத்த பணத்தைத் தொட நமக்குக் கை வராது. நானும் தனி உறை போட்டு மகள் போட்டோவை ஒட்டி வைத்தேன். திலீப் சோமன், அமர் சீமா என்ற இருவர் நம் நாட்டுக் கட்டுமானத் தொழிலாளர்களிடம் இதைச் சோதித்து 2011-இல் எழுதியிருக்கிறார்கள். சேமிப்பு உறையில் பிள்ளைகளின் படம் இருந்தபோதும், பணத்தை ஒரே உறையில் போடாமல் ரெண்டாகப் பிரித்துப் போட்டபோதும் கூடுதலாக மிஞ்சியிருக்கிறது.

2024 மார்ச் கடைசியில் பவுன் 50,000 ரூபாயைத் தாண்டியது. அன்று ராத்திரி அவர் சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"ஏம்மா, சங்கிலிய மாத்தி வச்சா இப்ப லட்சத்துக்கு மேல வரும். செகண்ட்ஸ்ல ஒரு லோடு வண்டி வந்திருக்கு. எத்தனை வருசத்துக்கு அடுத்தவன் வண்டியவே ஓட்டுறது?"

அவர் கேட்டதில் தப்பே இல்லை. வாடகை வண்டி ஓட்டுகிறவருக்குச் சொந்த வண்டி என்பது சோறு. நான் பதில் பேசவில்லை. டைரியை எடுத்து முன்னால் வைத்தேன். தன் கையெழுத்தையே ரொம்ப நேரம் பார்த்தார். எழுந்து வாசல் திண்ணையில் போய் உட்கார்ந்தார். நான் பாத்திரம் கழுவி, அடுப்பு மேடையைத் துடைத்து, மகளுக்குப் பாய் விரித்த பிறகுதான் உள்ளே வந்தார். "இந்த மாசப் புள்ளி வச்சாச்சா?" என்றார். 115 வைத்திருந்தோம். பதினேழு புள்ளி வரிசை முடிய ரெண்டு பாக்கி.

அன்று ஜெயித்ததாக எனக்குத் தோன்றவில்லை. ரெண்டு வருஷமாக என் ஆசைதான் அந்தக் கதவில் இருந்தது, அவர் ஆசைக்கு அங்கே இடமே கொடுக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. ஒரே பீரோவில் பணம் இருக்கும் வீட்டில் ஒருவர் மனதில் ஒரு படமும் இன்னொருவர் மனதில் வேறு படமும் இருந்தால் பணம் ரெண்டு பக்கமும் இழுபட்டுக் கிழியும். ஆரம்பத்திலேயே அவரையும் கேட்டிருக்க வேண்டும். சங்கிலி வந்ததும் அடுத்தது வண்டி என்று அன்றைக்கே பேசிக்கொண்டோம்.

2025 மே மாதம் கடைசி ஐந்தாயிரம். வங்கியில் மதிப்பீட்டாளர் அரக்கு வைத்த பொட்டலத்தை என் முன்னால் பிரித்து, எடை போட்டு, சரிபார்த்துக் கையெழுத்து வாங்கினார். சங்கிலி கறுத்து, வடங்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தது. அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்து பிரிக்கப் பார்த்தேன், விரல் நடுங்கியது. சாயங்காலம் அம்மா வீட்டுக்குத்தான் நேராகப் போனேன். அம்மா பூந்திக்கொட்டைத் தண்ணீரில் ஊறப்போட்டு, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் ஒவ்வொரு கண்ணியாகத் தேய்த்து, முந்தானையில் துடைத்து என் கழுத்தில் போட்டுவிட்டார். ஒன்றும் பேசவில்லை. 181-ஆவது புள்ளியை மகள் வைத்தாள். அந்த ஆயிரத்தில் மீனாட்சி அம்மனுக்குப் பூவும், எல்லோருக்கும் ஓட்டலில் சாப்பாடும்.

மாதம் ஐந்தாயிரம் எடுத்து வைத்துப் பழகிய கையை ஒரு மாதம்கூடச் சும்மா விடவில்லை. மகளுக்குப் பத்து வயது எப்போதோ கடந்துவிட்டது, செல்வமகள் சேமிப்புக் கணக்கு தொடங்க முடியாது. பத்து வயதுக்குள் பெண் குழந்தை இருப்பவர்கள் இதைத் தள்ளிப்போடாதீர்கள், வருஷத்துக்கு 250 ரூபாய் கட்டினால்கூடக் கணக்கு உயிரோடு இருக்கும். நாங்கள் ஜூனில் தபால் நிலையத்தில் தொடர் வைப்பு ஆரம்பித்தோம். 60 மாதம், 6.7 சதவீத வட்டி. முடிவில் சுமார் 3,57,000 ரூபாய். எட்டாம் வகுப்புக்குப் போனவள் பன்னிரண்டு முடித்துக் கல்லூரியில் சேரும் 2030 ஜூனில் கைக்கு வரும். அதற்குக் கோலம் 11 புள்ளி, ஒன்று வரை. எண்ணினால் 61. மாதத்துக்கு ஒன்று போக, பணம் எடுக்கும் நாளுக்கு ஒன்று.

பக்கத்திலேயே இன்னொரு அட்டை ஒட்டியிருக்கிறது. வண்டிக்கு முன்பணம். அதற்குப் புள்ளி வைத்தவர் அவர்தான். கோலம் போட்டுப் பழக்கமில்லாத கை, வரிசை கோணலாக வந்தது. மகள் ஸ்கேல் வைத்துத் திருத்திக் கொடுத்தாள். இப்போது அதில் நாலு புள்ளி சிவந்திருக்கிறது, ரெண்டு வரிசை.