கடைசி நாள் கடைவலம்



சுற்றுலாவின் கடைசி நாளில் புதிய உணவகத்தைத் தேடி அலைபவர்கள் குறைவு. வந்த அன்று எந்தக் கடை இட்லி நாவில் நின்றதோ, அந்தக் கடைக்கே மறுபடியும் கால்கள் போகும். "இன்னும் ஒரு தடவை" என்று ஒரு தோசை; "ரயிலுக்கு நேரமிருக்கிறதே" என்று ஒரு காப்பி. இதில் பௌதிகம் படிப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. முதல் தடவை போகும்போது நாக்குக்கு மட்டுமே வேலை. இரண்டாம் தடவைதான் சமையற்கட்டின் பக்கம் கண்ணைத் திருப்பத் தோன்றும்.

ஊர் மதுரை என்று வைத்துக்கொள்வோம். கொடைக்கானல் போய் முன்தினம் இறங்கியாயிற்று. மீனாட்சியம்மன் கோயிலும் திருமலை நாயக்கர் மகாலும் பார்த்தாயிற்று. ஊர் திரும்ப இரவு ரயில். கையில் இருப்பது ஒரு பகல் பொழுதும் நல்ல பசியும். அன்று நீங்கள் நுழையும் ஒவ்வொரு கடையிலும் ஒரே பாடம்தான் நடந்துகொண்டிருக்கும்: வெப்பம் வேறு, வெப்பநிலை வேறு. வகுப்பில் ஒரு வரியில் முடிந்துவிடும் செய்தி இது. ஆனால் இதை மனத்தில் வாங்கிக்கொள்ளாதவர் கையைச் சுட்டுக்கொள்வார். ரயிலில் வயிற்றையும் கெடுத்துக்கொள்வார்.

காலையில் இட்லிக் கடை. கொப்பரையில் தண்ணீர் கொதிக்கிறது. அதன் மேல் துணி விரித்த தட்டுகளில் மாவு. தண்ணீர் மாவைத் தொடுவதில்லை, நெருப்பும் தொடுவதில்லை. பின் வேக வைப்பது எது? நீராவிதான். ஆவியும் 100° செ., கொதிநீரும் 100° செ. எனினும் ஆவியிடம் மறைத்து வைத்த பணம் போல் ஒரு கூடுதல் இருப்பு உண்டு. ஒரு கிராம் கொதிநீரை ஆவியாக்க ஏறக்குறைய 540 கலோரி தேவை. வெப்பநிலைமானியில் இது ஒரு பாகைகூட ஏறிக் காட்டாது. ஆகவே இதற்கு உள்ளுறை வெப்பம் என்று பெயர். ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் ஜோசஃப் பிளாக் என்ற பேராசிரியர் 1760-களின் தொடக்கத்தில் இதை அளந்து காட்டினார். ஆவி மீண்டும் நீராகும்போது அந்த 540 கலோரியையும் அப்படியே திருப்பித் தந்துவிடுகிறது.

ஒரு சிறு கணக்குப் போடலாம். 50 கிராம் மாவு. தன்வெப்பம் சுமார் 0.8; வெப்பநிலை 30°-யிலிருந்து 100°-க்கு உயர வேண்டும். 50 × 0.8 × 70 = 2,800 கலோரி. இதை 540-ஆல் வகுத்தால் ஐந்து கிராமுக்குச் சற்றுக் கூடுதல். அதாவது, ஒரு தேக்கரண்டித் தண்ணீர் ஆவியாகி மாவின் மீது படிந்தால் போதும். ஓர் இட்லி சூடேறிவிடும். ஆவிக்குப் பதிலாக 200° செ. சூடுள்ள உலர்ந்த காற்றை அனுப்பினால் என்ன ஆகும்? ஒரு கிராம் காற்று 200°-யிலிருந்து 100°-க்குக் குளிரும்போது தருவது வெறும் 24 கலோரி. அதே இட்லிக்கு 115 கிராமுக்கு மேல் காற்று வேண்டும். அந்தச் சூட்டில் அதன் கன அளவு 150 லிட்டரைத் தாண்டும்! வெப்பநிலை மிக அதிகம். ஆனால் கொண்டுவரும் வெப்பமோ அற்பம். ரொட்டி அடுப்புக்குள் கையை ஒரு கணம் நீட்டி எடுப்பவர்கள், இட்லிக் கொப்பரையின் ஆவியில் கையை வைக்கத் துணியாததற்குக் காரணம் இதுவே.

இட்லி எடுப்பவர் மூடியை எப்படித் திறக்கிறார் என்று கவனியுங்கள். தன் பக்கம் மூடியைச் சாய்த்து, எதிர்ப்பக்கம் முதலில் வாய் திறக்கும்படி தூக்குவார். ஆவி அவர் முகத்துக்கு வராமல் அந்தப் பக்கமாகப் போய்விடும். ஒரு கிராம் கொதிநீர் தோலில் பட்டு 37°-க்குக் குளிர்ந்தால் 63 கலோரி தரும். ஒரு கிராம் ஆவியோ 540-ஐயும் சேர்த்து 603 கலோரி தரும். கிட்டத்தட்டப் பத்து மடங்கு. இன்னொன்று: கொப்பரையிலிருந்து வெண்மையாக எழும் புகை போன்ற பொருள் ஆவியன்று. அது ஏற்கெனவே குளிர்ந்து நுண்துளிகளாகிவிட்ட நீர். உண்மையான நீராவி கண்ணுக்குத் தெரியாது. மூடி இடுக்குக்கும் வெண்புகைக்கும் இடையே ஒன்றுமில்லாதது போல் தோன்றும் அந்த விரல்கடை இடம்தான் அபாயமானது. வீட்டில் குக்கரின் அருகே நிற்கும் தம்பி தங்கைகளுக்கு இதை அவசியம் சொல்லி வையுங்கள்.

நேற்று கொடைக்கானலில் இட்லி வர நேரமாயிற்று என்று முணுமுணுத்தீர்களா? பரிமாறியவரைக் குறை சொல்ல வேண்டாம். கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு. அங்கே தண்ணீர் ஏறக்குறைய 93° செ.-யிலேயே கொதித்துவிடும். ஆவியும் அதே சூட்டில்தான் இருக்கும். அடுப்பை எவ்வளவு தூண்டினாலும் திறந்த பாத்திரத்தில் அதற்கு மேல் ஏறாது.

அடுத்த மேசைக்குத் தோசை போகிறது. இட்லி வெள்ளையாகவே இருக்க, அதே மாவில் வார்த்த தோசை மட்டும் ஏன் பொன்னிறமாகிறது? ஆவியில் 100°-க்கு மேல் போக வழியில்லை. தோசைக்கல்லோ 180°, 200° வரை ஏறும். அந்தச் சூட்டில் மாவிலுள்ள சர்க்கரைப் பொருள்களும் புரதப் பொருள்களும் கூடி நிறத்தையும் மணத்தையும் உண்டாக்குகின்றன. இவ்வினையை 1912-இல் விவரித்த பிரெஞ்சு வேதியியலாளர் மேயாரின் பெயரே அதற்கு வழங்குகிறது. கல்லின் பதம் பார்க்கத் தோசை மாஸ்டர் தண்ணீர் தெளிப்பார். துளி 'சொய்ங்' என்று பரந்து மறைந்தால் கல் பதமாக இருக்கிறது. துளிகள் பாதரசம் போல் உருண்டு ஓடினால் சூடு மிஞ்சிவிட்டது. அப்போது துளியின் அடிப்பாகம் உடனே ஆவியாகி மெத்தை போல் அதைத் தாங்குகிறது. ஆவி வெப்பத்தை எளிதில் கடத்தாது. அதனால் அதிகச் சூட்டில் துளி அதிக நேரம் உயிரோடு இருக்கிறது! லைடன்ஃப்ராஸ்ட் என்ற ஜெர்மானிய மருத்துவர் 1756-இல் இதைப் பற்றி எழுதினார். மாஸ்டர் லைடன்ஃப்ராஸ்டைப் படித்ததில்லை. ஆனால் துளிகள் ஓடியதும் இன்னும் ஒரு கை தண்ணீரைத் தெளித்துத் துடைப்பத்தால் இழுத்துவிட்டுத்தான் மாவை ஊற்றுகிறார்.

வெயில் ஏறியதும் விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா. 'ஜிகர்' என்ற சொல் பாரசீக வழி வந்தது. ஈரல் அல்லது நெஞ்சு என்று பொருள். 'தண்டா' என்றால் குளிர்ச்சி. சுண்டக் காய்ச்சிய பால், நன்னாரிச் சர்பத், ஊறிப் பருத்த பாதாம் பிசின், மேலே ஐஸ்கிரீம். குளிர்பெட்டி வருவதற்கு முன்னும் ஐஸ்கிரீம் இருந்தது. மரத்தொட்டியில் பனிக்கட்டியையும் உப்பையும் மூன்றுக்கு ஒன்று என்ற அளவில் கலந்து, நடுவே பால் பாத்திரத்தை வைத்துச் சுழற்றுவார்கள். உப்பு சேர்ந்ததும் பனிக்கட்டி 0°-க்குக் கீழேயும் உருகும். உருக வேண்டுமானால் கிராமுக்கு 80 கலோரி வேண்டும். அதை யார் தருவது? கலவையும் நடுவிலுள்ள பாலும்தான். ஆகவே கலவை -21° செ. வரைகூடக் குளிர்ந்துவிடும். இட்லிக் கொப்பரையில் கண்ட அதே உள்ளுறை வெப்பம், இங்கே எதிர்த்திசையில் வேலை செய்கிறது.

ஜிகர்தண்டா உடம்பைக் குளிர்விக்கும் என்கிறார்களே, அது உண்மையா? 5° செ.-யில் உள்ள 200 கிராம் பானம் வயிற்றில் 37°-க்கு வர, தண்ணீரைப் போலவே கணக்கிட்டால் 6,400 கலோரியை உடம்பிலிருந்து எடுத்துக்கொள்ளும். ஒரு கிராம் சர்க்கரை உடலில் எரியும்போது தருவது 4,000 கலோரி. ஒன்றரைக் கிராமுக்குச் சற்றுக் கூடுதலான சர்க்கரையிலேயே கணக்கு நேராகிவிடுகிறது. கோப்பையிலோ சர்க்கரை தாராளம்! நெஞ்சு குளிர்ந்தது என்று நாம் சொல்வது பெரும்பாலும் வாயிலும் தொண்டையிலும் உள்ள நரம்புகளின் சாட்சியம். அதற்காக ஜிகர்தண்டாவை விட்டுவிடும்படி நான் சொல்லமாட்டேன்.

மாலையில் ரயில் நிலையத்துக்கு எதிரே டவுன்ஹால் ரோட்டில் காப்பி. நேரம் குறைவு; காப்பியோ 85° சூடு. குடிக்க 60° போதும். இங்கே டபராவின் பெருமை விளங்கும். 150 கிராம் காப்பி. டம்ளரும் டபராவும் சேர்த்து 200 கிராம் பித்தளை, 30° செ.-யில். பித்தளையின் தன்வெப்பம் சுமார் 0.09. எனவே 200 கிராம் பித்தளை 18 கிராம் தண்ணீருக்குச் சமம். காப்பியை இரண்டிலும் ஊற்றியதும் பொது வெப்பநிலை 79°-க்கு இறங்கிவிடும். பிறகு பரப்பு. டம்ளரின் வாய் 6 செ.மீ. விட்டம் என்றால் பரப்பு 28 சதுர செ.மீ.; 10 செ.மீ. விட்டமுள்ள டபராவில் 78 சதுர செ.மீ. தூக்கி ஆற்றும்போது நீளும் காப்பித் தாரையால் பரப்பு இன்னும் பெருகும். காப்பியிலிருந்து ஆவியாகும் ஒவ்வொரு கிராம் நீரும் சுமார் 550 கலோரியைத் தூக்கிக்கொண்டு போகிறது. ஆறு கிராம் ஆவியானால் 3,300 கலோரி. காப்பியும் பாத்திரமும் 79°-யிலிருந்து 60°-க்கு அருகே வந்துவிடும். காற்று தன் பங்குக்கு நேராகவும் கொஞ்சம் வெப்பத்தைக் கவர்வதால் ஆறு கிராம்கூட உண்மையில் தேவைப்படாது. ஆற்றி முடித்தபின் மேலே நிற்கும் நுரை, போர்வை போல் மிச்சச் சூட்டைக் காக்கும்.

இனி ரயிலுக்குப் பார்சல். பலர் தவறுவது இங்கேதான். கொப்பரையிலிருந்து எடுத்த இருபது இட்லியைச் சுடச்சுட எவர்சில்வர் தூக்கில் அடுக்கி இறுக மூடுகிறார்கள். வெளிவரும் ஆவி மூடியில் படிந்து, நீராகி, மீண்டும் இட்லி மேல் சொட்டுகிறது. இட்லி நொசநொசத்துப் போகிறது. அது சுவையைப் பற்றிய குறை மட்டுமே. பெரிய குறை வேறு. ஒரு குவியலின் நீள அகல உயரங்களை இரட்டித்தால் அதிலுள்ள வெப்பம் எட்டு மடங்காகும். அதை வெளியேற்றும் பரப்போ நான்கு மடங்குதான். தனி இட்லி விரைவில் ஆறிவிடும். குவியலின் நடு இட்லி மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே இருக்கும். 5°-க்கும் 60°-க்கும் இடைப்பட்ட சூட்டில்தான் கிருமிகள் வேகமாகப் பெருகும். சமைத்த உணவை இரண்டு மணி நேரத்துக்கு மேல் அறை வெப்பநிலையில் வைக்கலாகாது என்று உலக நலவாழ்வு நிறுவனம் கூறுவதும் இதனால்தான்.

ஆகையால் கடையிலேயே கேட்டு, இட்லிகளைத் தனித்தனியாகப் பத்து நிமிடம் பரப்பி வையுங்கள். பெரும்பாலான ஆவி அதற்குள் போய்விடும். பிறகு நல்லெண்ணெயும் மிளகாய்ப்பொடியும் தடவச் சொல்லுங்கள். எண்ணெய்ப் படலம் இருந்தால் இட்லி காய்ந்து விறைக்காது. அனலில் வாட்டிய வாழையிலையில் கட்டினால் மடிப்பில் கிழியாது. வண்டி ஏறியதும் முதல் வேலையாகச் சாப்பிட்டு முடித்துவிட வேண்டும். விடியற்காலை வரை வைத்திருக்கக் கூடாது. மாவு புளித்திருப்பதால் இட்லி சிறிது தாக்குப்பிடிக்கும். தேங்காய்ச் சட்னி தாங்காது. அதை மட்டும் இன்னொரு கரண்டி கேட்டு வாங்கி, கடையிலேயே சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள்.